மூன்று ஞாயிறும் வாயைத் திறக்காதவர்கள்

போன வாரம் எங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒரு சண்டை. அன்பியம் என்பது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டில் கூடிச் செபிக்கும் சிறு குழு. செபமாலை முடிந்து சுண்டல் வருவதற்குள், ஜமக்காளத்தில் உட்கார்ந்தபடியே போட்டு முடித்துவிடக்கூடிய அளவுக்கான சண்டைதான். எங்கள் பகுதியில் ஒரு பெண் கணவனை விட்டுவிட்டுப் பெற்றோர் வீட்டுக்கு வந்துவிட்டாள். சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்டு மனுவும் போட்டிருக்கிறாள். அவளுக்காகச் செபிக்கலாம் என்று ஒருவர் சொன்னதும், பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்காதிருக்கட்டும்" என்றார். அத்தனை தலைகளும் ஆடின. என் தலை ஆடவில்லை, வாயும் சும்மா இருக்கவில்லை. அங்கே கோபத்தில் உளறியதை இங்கே நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருமணம் முறியாதது என்ற திருச்சபையின் போதனையை நான் நம்புகிறேன். காலம் மாறிவிட்டது, திருச்சபையும் விவாகரத்தை ஒப்புக்கொண்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் ஏமாற்றத்தைத்தான் தரப்போகிறேன். வேலூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்த நம்பிக்கை வர மறைக்கல்விப் புத்தகம்கூட வேண்டியதில்லை. காந்தி ரோட்டு லாட்ஜுகளின் மாடிப்படியில் ஒரு மாலை நின்றால் போதும். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தவர்கள், வாடகை அறையில் அடுப்பு வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். மொழி தெரியாத ஊரில், தலைமுடி கொட்டிப்போன மனைவியின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வரும் கணவனைப் பார்த்திருக்கிறேன். "உடல்நலத்திலும் நோயிலும்" என்று நாம் பீடத்தின் முன் சொல்கிறோமே, அதை அந்த மனிதர் எந்தப் பீடத்தின் முன்னும் சொல்லியிருக்க மாட்டார். இயேசுவும் இதைப் பற்றிப் பேசியபோது மோசேயின் சட்டத்தைத் தாண்டிப் "படைப்பின் தொடக்கத்துக்கு" அல்லவா போனார்.

அந்தப் பகுதியை, மத்தேயு நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தை, ஒருமுறை முழுதாக வாசியுங்கள். ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்து அடுத்த வீட்டுப் பெண்ணின் நெற்றியில் ஒட்டுவதற்கு முன்னால் வாசியுங்கள். கேள்வி கேட்டவர்கள் பரிசேயர் என்ற யூதச் சமயப் பிரிவினர், ஆண்கள். "எக்காரணத்தை முன்னிட்டாவது மனைவியை விலக்கிவிடுவது முறையா?" என்பது அவர்கள் கேள்வி. அந்தக் காலத்து யூதச் சட்டத்தில் விலக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் உரிமை கணவனிடம் இருந்தது. எதற்கெல்லாம் எழுதலாம் என்று ரபிகளிடையே பெரிய வழக்கு. ஷம்மாய் வழியினர் ஒழுக்கக்கேடு இருந்தால் மட்டும் என்றார்கள். ஹில்லேல் வழியினரோ சமையல் கருகினாலே போதும் என்றார்கள். யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இப்படித்தான் பதிவாகியிருக்கிறது. சோறு தீய்ந்ததற்காக ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்த முடிகிற இடத்தில் நின்றுதான் இயேசு "பிரிக்காதிருக்கட்டும்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த சீடர்களுக்கே தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் திருமணமே செய்துகொள்ளாமலிருப்பது நல்லது என்று சொல்லிவிட்டார்கள் பாவம்! ஆணின் கையிலிருந்த கத்தியைப் பிடுங்குவதற்காகச் சொன்ன சொல் அது. அதையே நாம் தீட்டி, அடி வாங்கி வந்த பெண்ணின் பக்கம் நீட்டுகிறோம்.

எனக்கு இவ்வளவு கோபம் ஏன் என்றால், நானும் நீட்டியிருக்கிறேன்.

என் பெரியம்மா மகள். எனக்கு அக்கா. 1999-ல் கல்யாணம். திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலுக்குப் போயிருந்தபோது பேச்சு வந்து, அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாப்பிள்ளை அமைந்தார். வழக்கம்போல இருவருடைய பங்குக் கோயில்களிலும் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்தார்கள். ஓலை எதற்கு வாசிக்கிறார்கள்? பெண்ணும் மாப்பிள்ளையும் யார் என்று ஊருக்கு விளம்பரம் செய்வதற்கு என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். 1215-ல் நடந்த நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபை மாநாடு இந்த அறிவிப்பைத் திருச்சபை முழுவதற்கும் கட்டாயமாக்கியது. இந்தத் திருமணத்துக்குத் தடை இருப்பது தெரிந்தவர்கள் முன்வந்து சொல்வதற்காக. அதாவது வாயைத் திறப்பதற்காகவே ஒதுக்கப்பட்ட மூன்று ஞாயிறுகள். குடிப்பழக்கம் சட்டப்படி திருமணத் தடை அல்லதான். ஆனால் மாப்பிள்ளை குடிப்பார், குடித்தால் கை நீளும் என்பது அந்த ஊருக்கே தெரியும். எங்கள் பெரியப்பாவின் காதுக்கும் வந்தது. "கொஞ்சம் சாப்பிடுவாராம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று வீட்டில் பேசியதை நானே கேட்டேன். கால்கட்டு போட்டால் அடங்கிவிடும் என்பது நம் ஊர் வைத்தியம். மருந்தாகப் போகிறவளிடம் மட்டும் யாரும் எதையும் சொல்வதில்லை.

2003-ல் கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அங்கேயும் அந்த ஒரு வாக்கியம்தான் தீர்ப்பு. எனக்கு அப்போது 26 வயது. படித்தவன் என்று என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். பொறுத்துப் போ அக்கா, பிள்ளை இருக்கிறது என்று நானும் சொன்னேன். வேலூர் பஸ் நிலையத்தில் சேத்துப்பட்டு பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் வழியாகக் குழந்தைக்கு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அவளே ஒரு நாள் விடியற்காலையில் அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள். 2010-ல் நீதிமன்றம் மணவிலக்கு கொடுத்தது.

சட்டத்தைப் பற்றி இடையில் கொஞ்சம். நம் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கான மணவிலக்குச் சட்டம் 1869-ல் வெள்ளைக்காரன் போட்டது. மனைவி பிறழ்ந்தாள் என்று காட்டினாலே கணவனுக்கு விலக்கு. மனைவிக்கோ கணவனின் பிறழ்வு மட்டும் போதாது. அதோடு கொடுமையோ, இரண்டு ஆண்டுகள் கைவிட்டதோ சேர்ந்திருக்க வேண்டும். வெறும் அடி உதைக்கு விலக்கு கிடையாது. இது 2001-ல்தான் திருத்தப்பட்டது. அக்கா ஐந்தாறு ஆண்டுகள் முன்னால் பிறந்து முன்னால் கல்யாணமாகியிருந்தால், உடைந்த கை சட்டத்தின் கண்ணில் பட்டிருக்காது.

இனி, அன்பியத்தில் நான் சத்தம் போட்ட விஷயம். திருமணம் முறியாது என்பதும், அடிப்பவனோடு ஒரே கூரையின் கீழ் கிடந்து சாக வேண்டும் என்பதும் ஒன்றல்ல. இதைச் சொல்வது நானில்லை, 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153-ஆம் பிரிவு. துணைவரின் உடலுக்கோ மனதுக்கோ பிள்ளைகளுக்கோ பெரிய ஆபத்தை உண்டாக்குபவரை விட்டுப் பிரிய நியாயமுண்டு என்கிறது அது. மறைமாவட்டத் தலைவரான ஆயரின் ஆணை பெற்றுப் பிரியலாம். தாமதித்தால் ஆபத்து என்றால் தானாகவே வெளியேறலாம். 2003-ல் அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்த யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் அந்த பிஸ்கட் பாக்கெட்டை நான் வாங்கியிருக்க வேண்டியதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் 2383-ஆம் எண்ணைப் பாருங்கள். பிள்ளைகளின் பராமரிப்புக்கும் சட்ட உரிமைகளுக்கும் சொத்தைக் காப்பதற்கும் வேறு வழியில்லை என்றால், அரசு நீதிமன்றத்தில் மணவிலக்கு பெறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம், அது ஒழுக்கக் குற்றமாகாது என்கிறது. அரசின் பார்வையில் அவர்கள் பிரிந்தவர்கள். திருச்சபையின் பார்வையில் பந்தம் அப்படியே நிற்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் மறுமணம் முடியாது.

மறுமணம் முடியாது. அது மட்டும்தான் முடியாது. நற்கருணை, அதாவது திருப்பலியில் கொடுக்கும் அப்பம், வாங்க முடியாது என்று யார் சொன்னது?

2010-ல் தீர்ப்பு வந்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு. அக்கா நற்கருணை வரிசையில் நின்றாள். பின்னால் நின்ற ஒரு பெண் முழங்கையைத் தொட்டு, "கோர்ட்டுக்குப் போனவர்கள் வாங்கக் கூடாதே" என்றாளாம். கெட்ட எண்ணமில்லை, அக்கறைதான். அக்கா வரிசையை விட்டு விலகிப் பெஞ்சுக்குத் திரும்பினாள். அதன்பின் 15 ஆண்டுகள் கடைசி பெஞ்சு. ஒரு ஞாயிறு தவறாமல் வருவாள். எல்லோரும் எழுந்து போகும்போது முழங்கால்களை ஒதுக்கி வழி விடுவாள். திருத்தந்தை (போப்) இரண்டாம் யோவான் பவுல் 1981-லேயே குடும்பங்களைப் பற்றிய திருத்தூது ஊக்கவுரையில் இவளைப் போன்றவர்களைத் தனியாகப் பிரித்துப் பேசியிருக்கிறார். மணவிலக்குக்கு ஆளாகி, மறுமணம் செய்யாமல் இருப்பவர்கள் நற்கருணை போன்ற திருவருட்சாதனங்கள் பெற எந்தத் தடையுமில்லை. அவர்களுடைய பிரமாணிக்கம் உலகத்துக்கே சாட்சி என்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-ல் எழுதிய ஏட்டில், இவர்களை நற்கருணையில் வலிமை பெறும்படி ஊக்கப்படுத்த வேண்டும் என்றார். ஒரு திருத்தந்தை சாட்சி என்கிறார், இன்னொருவர் ஊக்கப்படுத்துங்கள் என்கிறார். நாம் முழங்கையைத் தொட்டுத் திருப்பி அனுப்புகிறோம். இதையெல்லாம் வாசித்திருந்த நானும் கோயிலில் அவளுக்கு நாலு பெஞ்சு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். பெண்ணே விருப்பப்பட்டுத் தள்ளி நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்காமலிருப்பது எங்கள் குடும்பத்துக்கு நன்றாக வரும்.

மறுமணம் செய்துகொண்டவர்கள் விஷயம் வேறு, கடினமானது. பிரான்சிஸின் அதே ஏட்டில் 351-ஆம் அடிக்குறிப்பு ஒன்றை வைத்துக் கர்தினால்களே திருத்தந்தைக்குக் கேள்விக் கடிதம் எழுதினார்கள். அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அவர்களும் திருச்சபையிலிருந்து வெட்டப்பட்டவர்கள் அல்லர் என்று 1981-லேயே எழுதியாயிற்று. வீட்டை ஆசீர்வதிக்கும் மந்திரிப்புக்குக்கூட அவர்களைக் கூப்பிடாமல் தள்ளிவைக்கிறோமே, அது மறைநூல் சொன்னதில்லை, நம் ஊர்ப் பஞ்சாயத்துப் புத்தி.

அன்பியச் சண்டைக்குப் பிறகு, இந்தச் சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரு திருமணம் செல்லுமா என்று விசாரிக்கும் மறைமாவட்டத் தீர்ப்பாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பலர் அங்கே கிடைக்கும் தீர்ப்பை ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) விவாகரத்து என்கிறார்கள், தவறு. கல்யாணத்துக்குப் பின் யார் என்ன கொடுமை செய்தார் என்பது அங்கே முதல் கேள்வி இல்லை. கல்யாண நாளன்று இருவரும் கொடுத்த சம்மதம் உண்மையான சம்மதமா என்பதே கேள்வி. மிரட்டிக் கட்டிவைத்தார்களா, வாழ்க்கையையே குலைக்கக்கூடிய ஒன்றை மறைத்து ஏமாற்றினார்களா, திருமணக் கடமைகளை ஏற்கும் மனநிலை இருந்ததா என்று பார்ப்பார்கள். சம்மதமே இல்லையென்றால் திருமணமே உண்டாகவில்லை என்று அறிவிப்பார்கள். முன்பு இரண்டு தீர்ப்பாயங்கள் ஒரே முடிவைச் சொல்ல வேண்டியிருந்தது. 2015-ல் பிரான்சிஸ் ஒன்றே போதும் என்று ஆக்கினார். இந்தத் தீர்ப்பு அரசாங்கத்துக்குச் செல்லாது, உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. அக்காவுக்கு அந்தக் கவலை இல்லை, அரசுத் தீர்ப்பு கையில் இருக்கிறது.

முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முதல் கேள்வி மகளைப் பற்றி. "கல்யாணமே நடக்கவில்லை என்றால் இவள் யார்?" அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அப்படி அறிவித்தாலும் பிள்ளைகளின் முறைமை கெடாது, 1137-ஆம் பிரிவு. தலையாட்டினாள்.

"உனக்குத் தெரியாமல் அவருடைய குடியை மறைத்திருக்கிறார்கள் அக்கா. அதையே காரணமாக எழுதலாம்" என்றேன்.

கீரை ஆய்ந்த கை நின்றது. "மறைத்தார்கள் என்றால், உங்களுக்கெல்லாம் முன்பே தெரியுமா தம்பி?"

26 ஆண்டுகளாக இந்தக் கேள்வியை அவள் கேட்டதில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எங்களுக்குத் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள். தெரியும் என்றேன். பெரியப்பாவுக்கும் தெரியும் என்றேன். அவர் போய் எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

வெகுநேரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மனு வேண்டாம் என்றாள். "அந்த ஆள் என்ன நினைத்துச் சொன்னாரோ, நீங்கள் எல்லாம் என்ன தெரிந்து நின்றீர்களோ. நான் சொன்னது உண்மையாகத்தான் சொன்னேன். அதை எதற்கு இல்லையென்று எழுத வேண்டும்?" மனு போட்டால் அவள் சொன்னது பொய்யென்று ஆகாது, ஒருவர் சம்மதத்தில் குறை இருந்தாலே போதும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். வேண்டாம் என்றே மறுபடியும் சொன்னாள்.

நற்கருணை விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். இரண்டு திருத்தந்தையர் எழுதியதையும் கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து, மெதுவாக, உதடு அசைய வாசித்தாள். ஒரே பத்தியை இரண்டு தடவை.

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். அவள் நற்கருணை வாங்குவதை விட்ட காலத்தில் நாக்கில் கொடுப்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் கோயிலில் எல்லோரும் கையில்தான் வாங்குகிறோம்.

"தம்பி, எந்தக் கையை மேலே வைக்க வேண்டும்?" என்று கேட்டாள்.

இடது கை மேலே, வலது கை அடியில், வாங்கிய பிறகு வலது கையால் எடுத்து உண்ண வேண்டும் என்று செய்து காட்டினேன். கீரை மண் ஒட்டிய இரண்டு கைகளையும் புடவையில் துடைத்துக்கொண்டு, அதேபோல் வைத்துப் பார்த்தாள்.