காளைக்கு மடி வைத்தவர்கள்

குழந்தைகளின் அனிமேஷன் படம் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் இளவரசியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். தூங்கிக்கொண்டே கிடந்தவள் இப்போது வில்லெடுக்கிறாள், கடல் தாண்டுகிறாள், அப்புறம் என்ன குறை என்கிறார்கள். எனக்கு அவளிடம் குறையே இல்லை. அவளைச் சுற்றி நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். கடைக்காரர், காவலாளி, பாட்டுப் பாடுகிற நண்டு, சிரிப்பு மூட்டுகிற பனிமனிதன், முக்கால்வாசி ஆண்கள்தான்.

2006இல் வந்த 'பார்ன்யார்ட்' படத்தின் நாயகன் ஓட்டிஸ் ஓர் ஆண் மாடு. ஆனால் வயிற்றுக்குக் கீழே மடி தொங்குகிறது! நாங்கள் இருப்பது பாலமேடு பக்கம். இங்கே நண்டு சிண்டுக்குக்கூடக் காளை எது, பசு எது என்று தெரியும். படத்தைப் பார்த்த என் அப்பா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "எவன்டா காளைக்கு மடி வச்சது?" என்றார். வேடிக்கைக்காகத்தான் செய்திருப்பார்கள், சரி. ஆனால் ஒரு பசுவை நாயகியாக வைத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்குமே.

தேனீ படத்திலும் இதே கூத்துதான். கூட்டில் உழைக்கிற தேனீக்கள் அத்தனையும் பெண். பூப்பூவாகப் போவதும் அவைதான், கொட்டுவதும் அவைதான். ஆண் ஈக்குக் கொடுக்கே கிடையாது. 2007இல் வந்த 'பீ மூவி'யிலோ மகரந்தம் எடுக்கப் பறக்கிற படை முழுக்கக் கட்டுமஸ்தான ஆண்கள். இயற்கையே பெண்ணுக்குக் கொடுத்த வேலையைக்கூடப் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

'சோட்டா பீம்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுட்கி லட்டு எடுத்துக் கொடுப்பாள், அவன் தின்றுவிட்டு அடிப்பான். 'முலான்' போர்க்களம் போன பெண்ணின் கதை. அதிலும் வசனத்தில் முக்கால் பங்கு ஆண்களுக்குத்தான் என்று இரண்டு அமெரிக்க மொழியியலாளர்கள் எண்ணியே பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதற்கு "மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்கிற ஊர் இது. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டம் கட்டிச் செங்கோல் கொடுக்கிறோம். மறுநாள் திக்விஜயத்தில் அவள் திக்பாலகர்களை ஜெயித்துக்கொண்டு வருகிறாள். அப்பன் தோளில் உட்கார்ந்து அதைப் பார்க்கிற எந்தப் பையனும் "பொம்பளை ஏன் சண்டைக்குப் போகுது" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. (கடைசியில் அவளுக்கும் கல்யாணம்தானே என்பாள் என் மனைவி. அது எங்கள் வீட்டுத் தனிச் சண்டை.)

"கார்ட்டூன்தானே, விடுப்பா" என்கிறவர்களுக்கு: மனிதர்களை வைத்து எடுக்கிற படத்திலாவது ஆள் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லலாம். இங்கே ஒவ்வொரு நண்டையும் ஒருவர் உட்கார்ந்து வரைகிறார். ஆணா பெண்ணா என்பது அவர்கள் முடிவு செய்வதுதான்.

இதில் மகளைவிட மகனைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பையன் என்றால் ஒன்று அடிக்க வேண்டும், இல்லை கோமாளியாக இருக்க வேண்டும் என்றே பார்த்து வளர்கிறான். 2018இல் வந்த 'இன்கிரெடிபிள்ஸ் 2' அந்த வகையில் பரவாயில்லை. அம்மா வேலைக்குப் போக, அப்பா வீட்டில் பிள்ளைகளோடு திண்டாடுகிறார். திண்டாட்டத்தைச் சிரிப்பாக்கியதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் மகனுக்குப் புரியாத கணக்கை ராத்திரி கண்விழித்துத் தான் படித்து, காலையில் சொல்லிக்கொடுக்கிறாரே, அந்த இடம் அருமை. என் மகன் அதைப் பார்த்துவிட்டு, "நீயும் யூடியூப் பாத்துட்டு வந்துதானப்பா சொல்லித் தர்ற" என்றான்.