சும்மாதானே இருக்கே, ஒன்னு தைச்சுக் குடேன் லா

டுரியான். துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு நான் தைத்த போர்வையின் மேல் டுரியான். ஒன்றிரண்டு இல்லை, ஏழு. பினாங்கில் பாலிக் பூலாவிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை அந்த மலைப்பாதையின் அத்தனை வளைவிலும் முள்ளோடு உருண்டு உருண்டு வந்த ஏழு டுரியான்.

தைக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கமே வேண்டாம். இருந்தாலும் சொல்லித்தான் தீருவேன். இன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரப்போவதில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் கார் நின்றது. வீட்டுக்காரர் வழியில் சொந்தம், அக்கா என்று கூப்பிடுவேன். பெயர் எதற்கு? இவரைப் போல ஓர் அக்கா உங்கள் குடும்பத்திலும் இருப்பார். “பூட்டத் தொறம்மா, பழம் இருக்கு” என்றார். ஆசையாகத்தான் போனேன். காரின் பின்பெட்டிக் கதவு மேலே போனதும் முதலில் வாசம். அப்புறம் முள். முள்ளுக்கு அடியில் ஒரு நீல ஓரம்.

அந்த ஓரத்தை எனக்குத் தெரியாதா? சுற்றளவு 312 அங்குலம். 26 அடி. அவ்வளவு நீளத்துக்கும் பட்டியை மடித்து, வெளியே நூல் தெரியாமல், கையால் ஹெம்மிங் போட்டது நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோனபோது கொடுத்தது. நீலமும் மஞ்சளுமாகப் பாத்தேக் பருத்தித் துணி, ஒவ்வொன்றையும் மிச்சச் சாயம் போகும்வரை தனித்தனியாக ஊறவைத்துத் துவைத்து, பிறகு வெட்டியது. இப்போது அதன் நடுவில் ஒரு சின்னக் கிழிசல். பஞ்சு எட்டிப் பார்க்கிறது.

“அக்கா, இது...”

“ஆமாம்மா, நீ குடுத்ததுதான்! நல்லா தடிப்பா இருக்கா, பூட்ல கறையே பட மாட்டேங்குது. ரொம்ப உபயோகமா இருக்கு லா.”

கொடுமை என்னவென்றால், அவர் அதைப் பாராட்டாகச் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று எட்டு மணி நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன். அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணி குடித்தார். சின்ன மகள் செப்டம்பரில் ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போகிறாளாம், அங்கே பயங்கரக் குளிராம். “அதே மாதிரி ஒன்னு தைச்சுக் குடேன். நீ வீட்டுல சும்மாதானே இருக்கே.”

நான் காலையில் பாலர் பள்ளியில் இருபது பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு ஒரு மணிக்கு வீட்டுக்கு வருகிறேன். சமைக்கிறேன், துவைக்கிறேன், மிச்ச நேரத்தில் தைக்கிறேன். இதற்குப் பெயர்தான் சும்மா.

“ச்சும்மா வேணாம்மா, காசு குடுத்துடறேன். எவ்வளவு?”

சொந்தம் என்பதால் குறைத்துத்தான் சொன்னேன். “450 வெள்ளி, அக்கா.” (மலேசிய ரிங்கிட்டைத்தான் வெள்ளி என்போம்.)

தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. “நானூத்தம்பதா?” கோப்பை கீழே வந்தது. “நானூத்தம்பது வெள்ளியா?” பிறகு சமையலறையில் இருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து, சாட்சி கேட்பது போல, “தம்பி, நானூத்தம்பதாம்!” அவர் ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டார். அதற்குள் என்ன தேடினாரோ, அக்கா கிளம்பும்வரை அது கிடைக்கவே இல்லை.

உடனே கைப்பேசி வெளியே வந்தது. 39 வெள்ளி 90 காசு, தலையணை உறை இரண்டு இலவசம், வீட்டு வாசலுக்கே வருமாம். படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினார். நன்றாகப் பார்த்தேன். சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டியது போல அச்சடித்த ஒரே துணி. ஒட்டு என்று ஒன்றுகூட அதில் கிடையாது. ரோஜாப் பூ போட்ட காலண்டரைச் சுவரில் மாட்டிவிட்டு, எங்கள் வீட்டில் தோட்டம் இருக்கிறது என்பது போல.

“இதுவும் அதுவும் ஒன்னுதானே?”

அக்காவிடம் சொல்ல வாய் வராததை இங்கே சொல்கிறேன். 66க்கு 90 அங்குலம், ஒற்றைக் கட்டில் அளவு. ஆறு அங்குலச் சதுரம் என்றால் வரிசைக்கு 11, மொத்தம் 15 வரிசை, 165 சதுரம். ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும், சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போய்விடும். அந்தக் கால் அங்குலத்தில் நூலளவு விலகினாலும் வரிசை முடிவில் ஒரு அங்குலம் காணாமல் போயிருக்கும். பிரி, மறுபடி தை. வரிசைகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது 140 இடங்களில் நான்கு மூலைகள் ஒரே புள்ளியில் வந்து உட்கார வேண்டும். 139 உட்காரும். ஒன்று உட்காராது. பார்க்க வருகிறவர் விரல் நேராக அந்த ஒன்றின் மேல்தான் போகும்.

இது மேல்துணிதான். நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் பின்துணி, மூன்றையும் சுருக்கம் விழாமல் தரையில் விரித்து, முழங்காலிட்டுத் தவழ்ந்து தவழ்ந்து ஊக்கு குத்த வேண்டும். பிறகு அந்த மூன்றடுக்கு மொத்தத்தையும் சுருட்டி மெஷினின் கழுத்துக்குள் நுழைத்துத் தைக்க வேண்டும். பினாங்கு புழுக்கத்தில், மடியில் முழுப் போர்வையோடு, மின்விசிறியை நிறுத்திவிட்டு. ஓடினால் துணி பறக்கும். “மெஷின்தானே தைக்குது” என்று ஓர் அண்ணன் முன்பு கேட்டார். அவர் லாரி ஓட்டுகிறவர். லாரிதானே ஓடுது அண்ணே, உங்களுக்கு எதுக்குச் சம்பளம் என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

கணக்குக்கு வருகிறேன். புக்கிட் மெர்தாஜாமில் கடை கடையாக ஏறி இறங்கிப் பேரம் பேசி வாங்கியும் மேல்துணி 70 வெள்ளி, பின்துணி 60, பஞ்சு விரிப்பு 55, ஓரப் பட்டிக்கு 7, நூலுக்கு 15. ஆக 207. நேரம்? துவைத்து, இஸ்திரி போட்டு, வெட்ட 8 மணி. ஒட்டுத் தைக்க 14. ஊக்கு குத்த 4. மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்க 20. ஓரத்துக்கு 9. மொத்தம் 55 மணி நேரம். 450இல் 207 போனால் மிச்சம் 243. மணிக்கு 4 வெள்ளி 42 காசு. இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 17 காசு. 55 மணிக்கு 449 வெள்ளி 35 காசு வருகிறது. அதாவது துணியும் பஞ்சும் நூலும் வானத்திலிருந்து விழுந்திருந்தால் நான் சொன்ன 450 நியாயமான விலை.

அக்கா யோசித்தார். தீர்வோடுதான் வந்திருந்தார் போல. காரிலிருந்து ஒரு மூட்டை வந்தது. “துணி நான் தர்றேன். நீ தைச்சா மட்டும் போதும்.”

தைத்தால் மட்டும் போதுமாம்.

மூட்டையை அவிழ்த்தேன். மூத்த மகளின் பள்ளிக்கூடப் பினஃபோர் இரண்டு. முட்டி தேய்ந்த ஜீன்ஸ். வழவழவென்று ஒரு பாலியஸ்டர் சேலை. இழுத்தால் ஒரு முழம் நீளும் லெக்கிங்ஸ். யாரோ ஒரு வேட்பாளர் கைகூப்பிச் சிரிக்கும் தேர்தல் டி-சட்டை, மூன்று. ஒன்று நீளும், ஒன்று சுருங்கும், ஒன்று வழுக்கும். இவற்றை ஒன்றாகத் தைத்தால் முதல் துவைப்பிலேயே வடை மாதிரி உப்பிக்கொள்ளும். அது போகட்டும், ஸ்காட்லாந்து குளிரில் அந்தப் பெண் நெஞ்சுமேல் வேட்பாளரைப் போர்த்திக்கொண்டா தூங்குவாள்?

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். கோபத்தில் அறிவாளித்தனம் காட்டப் போனேன். “அக்கா, இதெல்லாம் கலை. அமெரிக்காவில் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அங்கே ஏழைக் கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் மாட்டி வைத்தார்கள். 2006இல் அஞ்சல்தலையே போட்டார்கள்” என்றேன்.

அக்கா ஆர்வமாகக் கேட்டார். “அப்படியா? என்ன துணியில தைச்சாங்க?”

“பழைய வேலைச் சட்டை, கிழிஞ்ச ஜீன்ஸ்...”

சொல்லி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது, மாட்டிக்கொண்டேன் என்று. அக்கா தன் மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அப்போ என் ஜீன்ஸ மட்டும் ஏன் லா வேணாங்கிறே?”

பதில் இருக்கிறது. நிறைய இருக்கிறது. அதெல்லாம் இப்போது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, வரிசையாக வருகிறது. அப்போது ஒன்றுகூட வரவில்லை.

பிறகு வழக்கமான கடைசி அஸ்திரம். “தோட்டத்துல எங்க பாட்டி பழைய கைலியெல்லாம் அடுக்கி வச்சுத் தைச்சு எல்லாப் பிள்ளைங்களுக்கும் குடுப்பாங்க. ஒரு காசு வாங்குனதில்ல.” வாங்கியதில்லைதான். காலையில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து, ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்த அந்தப் பாட்டிக்கு யாராவது கொடுக்க முன்வந்தார்களா என்று கேட்கத் தோன்றியது. பாட்டி மேல் இருக்கும் மரியாதையில் விட்டுவிட்டேன்.

இதே அக்கா, போன மாதம் கல்யாணத்துக்கு ஆரி வேலை செய்த ரவிக்கைக்கு 380 வெள்ளி கொடுத்தார். ஒரே நாள் போட்டார், அன்றும் பாதி நேரம் முந்தானை மறைத்திருந்தது. அந்தத் தையல்காரம்மாவிடம் பேரம் கிடையாது, மூட்டை கிடையாது. கடை வாடகை கட்டுகிறவள் தைத்தால் தொழில், நான் கூடத்தில் உட்கார்ந்து தைத்தால் பொழுதுபோக்கு. “இந்த வெயில்ல போர்வை எதுக்கு” என்று கேட்கும் ஒரு கூட்டமும் உண்டு. அவர்கள் வீட்டில் ஏர்கோனை 16இல் வைத்துவிட்டுக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டிருப்பார்கள்.

கிளம்பும்போது அக்கா பெரிய மனதோடு முடித்து வைத்தார். “சரி, எனக்கும் வேணாம் உனக்கும் வேணாம். 120.”

துணி, பஞ்சு, நூலுக்கே 207. ஆக நான் கையிலிருந்து 87 வெள்ளி போட்டு, 55 மணி நேரம் உழைத்து, போர்வையையும் அவரிடம் கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் நடு விலையாம்.

முடியாது என்று சொன்னேனா? “பார்க்கலாம் அக்கா” என்றேன். நம் ஊரில் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும், கேட்கிறவருக்கு மட்டும் தெரியாது. “ஆகஸ்டுக்குள்ள முடிச்சிடு” என்று கன்னத்தைத் தட்டிவிட்டு, மூட்டையை விட்டுவிட்டு, இரண்டு டுரியானையும் வைத்துவிட்டுப் போனார். முன்பணம் போல.

இனிமேல் டுரியானே தொடுவதில்லை என்றுதான் முடிவெடுத்தேன். ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் ஃபிரிட்ஜை விட்டு வெளியே வந்து ஒன்றை உடைத்தார். வாசம் வந்தது. ஒரு சுளை மட்டும் என்று உட்கார்ந்தேன். கசப்பும் இனிப்புமாக, வெண்ணெய் போல, என்ன பழம்! ஏழு சுளை சாப்பிட்டேன். சாப்பிடச் சாப்பிடச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பழம் கொஞ்சம்கூட அடிபடாமல் வந்ததற்குக் காரணம் யார்? நான். நடுவில் தரமான பஞ்சு விரிப்பு போட்டிருந்தேன் அல்லவா?

போகட்டும், போர்வையைக்கூட விட்டுவிடுகிறேன். ஆனால் பூட்டில் இன்னொன்றும் பார்த்தேன். போர்வைக்குப் பக்கத்தில், ஸ்பேனரும் திருகாணியும் போட்டு, பச்சை மூடி டப்பா. போன தீபாவளிக்கு நான் முறுக்கு போட்டுக் கொடுத்த டப்பா. ஒன்பது மாதமாக “எங்க வீட்டுல இல்லியேம்மா” என்று சொன்ன அதே டப்பா. அந்த மூடி தனியாக எங்குமே கிடைக்காது, தெரியுமா?