‘டர்ன்! டர்ன்! டர்ன்!’ வியட்நாம் போருக்காக எழுதிய பாட்டு இல்லை

“வியட்நாம் போரை எதிர்த்து தி பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு எழுதிய பாட்டு, பைபிள் வரிகளை அப்படியே எடுத்துப் பாடினார்கள்” என்று இந்தப் பாட்டைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

பாட்டைக் கட்டியவர் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர், 1950களின் இறுதியில். 1962லேயே அவர் குரலில் வெளிவந்துவிட்டது. பேர்ட்ஸ் 1965இல் பாடியபோதுதான் அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. போர் சூடுபிடித்த நேரம் என்பதால் கேட்டவர்கள் அப்படி எடுத்துக்கொண்டார்கள், அதில் தவறில்லை.

வரிகள் பெரும்பாலும் பைபிளில் உள்ள பிரசங்கி என்ற நூலின் 3ஆம் அதிகாரம்தான். ஆனால் அந்தப் பகுதி முடிவதைப் பாருங்கள்: “யுத்தம்பண்ண ஒரு காலமுண்டு, சமாதானம்பண்ண ஒரு காலமுண்டு.” பிரசங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார், எந்தப் பக்கமும் சாய்வதில்லை. சீகர் நடுவில் அதை அப்படியே வைத்திருக்கிறார். கடைசிச் சரணத்தில் மட்டும் யுத்தத்தை விட்டுவிட்டு, சமாதானத்துக்கும் ஒரு காலம் உண்டு, இன்னும் நேரம் கடந்துவிடவில்லை என்று சத்தியம் செய்கிறார். அந்தச் சத்தியம் பைபிளில் இல்லை, சீகருடையது. எனக்கு இந்தப் பாட்டின் உயிரே அந்த ஒரு வரிதான். அதையும் வேத வசனம் என்று சொல்லிவிட்டால், அவர் செய்த வேலையே மறைந்துபோகிறது.