ஆள் போனா சிஸ்டமும் படுக்குமெண்டா அது ஆரின்ர பிழை?

2022ல இருந்து கொழும்பு ஐ.டி ஆக்கள் வெளிநாடு போறதைப் பற்றி எல்லாரும் கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறம், ஆனா போன பிள்ளையளைத் திட்டுற மனேஜர்மாரைக் கண்டா எனக்குக் கோவம் வருது. லோன் இருக்கு, குடும்பம் இருக்கு, போகாம என்ன செய்யிறது? ஒரு ஆள் போனவுடன சிஸ்டம் படுக்குதெண்டா அது முழுக்க நிர்வாகத்தின்ர பிழை.

வற் வரியையே எடுங்கோ. 2022 ஜூன்ல 8 வீதம் 12 ஆச்சு, அந்த செப்டெம்பர்லயே 15, பிறகு 2024 ஜனவரியில 18. வெளியில நிண்டு பாக்கிறவைக்கு ஒரு நம்பர் மாத்திற வேலைதானே எண்டு இருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு கொம்பனியில அந்த ரேட்டை புரோகிராம் கோட்டுக்குள்ளயே (code) எழுதி வச்சிருந்தது, அதுவும் இன்வொய்ஸ், கிரெடிட் நோட், மாச முடிவு ரிப்போர்ட் எண்டு ஒவ்வொண்டிலயும் தனித்தனியா, எங்கெங்க கிடக்கெண்டு தெரிஞ்ச பிள்ளை மெல்பேர்ன் போயிட்டுது. ஜனவரி பிறந்து இன்வொய்ஸ் 18 காட்டுது, சரி, ஆனா டிசம்பர்ல வித்த சாமான் திரும்பி வந்தா அதுக்கு அடிக்கிற கிரெடிட் நோட்டும் 18 காட்டுது, அது 15ல எல்லோ வரவேணும். எக்கவுண்ட்ஸ் ஆக்கள் இரவிரவா இருந்து கையால திருத்தினவை. ரேட்டையும் அது தொடங்கிற திகதியையும் ஒரு டேபிள்ல போட்டு வச்சிருந்தா ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. அதுக்கு அந்தப் பிள்ளை முதலே நேரம் கேட்டது. "இப்ப ஓடுதுதானே, முதல்ல மொபைல் அப்பை முடியுங்கோ" எண்டு மனேஜர்மார் சொல்லிப்போட்டினம்.

பிறகு அவசரத்துக்குப் புது ஆக்களை எடுக்கிறது. ஐபிஎம் கொம்பனியின்ர ஓஎஸ் 360 எண்ட பெரிய ஒப்பரேட்டிங் சிஸ்டம் வேலையை நடத்தின ஃபிரெட் புரூக்ஸ் 1975லயே சொல்லிட்டார், பிந்திப்போன சொஃப்ட்வெயர் வேலைக்கு ஆள் கூட்டினா அது இன்னும் பிந்தும் எண்டு. புதுசா வந்தவைக்குப் பழக்கிறது ஆர்? வேலை தெரிஞ்ச, ஏற்கனவே நித்திரை இல்லாம நிக்கிற அதே ஆள்தான். அதோட 5 பேர் எண்டா ஆளுக்கு ஆள் கதைக்கிற வழி 10, 10 பேர் எண்டா 45, கலண்டர் முழுக்க மீட்டிங்தான்.

அரசாங்கமும் இதே கதைதான். 2023 ஓகஸ்ட்ல அரசாங்க அலுவலகங்களின்ர ஈமெயில் ஓடுற லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்ல ரன்சம்வெயர் (ஃபைல்களைப் பூட்டிக் காசு கேக்கிற வைரஸ்) புகுந்து மே 17ல இருந்து ஓகஸ்ட் 26 வரையான ஈமெயில் போச்சு, அமைச்சரவை அலுவலகத்தின்ரயும் சேத்து. எக்ஸ்சேஞ்ச் 2013 எண்ட மைக்ரோசொஃப்டின்ர பழைய ஈமெயில் சொஃப்ட்வெயர்ல ஓடினது, போன அந்த ஈமெயிலுக்கு நெட்வேர்க்கில இருந்து பிரிச்சு வைக்கிற ஒஃப்லைன் பெக்கப்பும் இல்ல. மாத்தவேணுமெண்டு 2021ல இருந்தே யோசிச்சும் காசாலயும் பழைய முடிவுகளாலயும் இழுபட்டதாம். இதில சர்வர் பாக்கிற பிள்ளையளை என்ன சொல்லுறது?

தயவுசெய்து ஹேண்ட்ஓவரை, அதாவது வேலையை அடுத்த ஆளிட்டப் பழக்கிக் குடுக்கிறதை, ரிசைன் லெட்டர் வந்த பிறகு தொடங்காதேங்கோ. மாச முடிவு வேலையை ஒருக்கா ரெண்டாவது ஆள் தனியச் செய்யட்டும், தெரிஞ்ச ஆள் பக்கத்தில இருந்து கையை வைக்காமப் பாக்கட்டும், எங்க தடக்குதோ அதை எழுதுங்கோ. பெக்கப் எடுத்தா காணாது, எடுத்ததை வேற மெஷின்ல போட்டு எழும்புதா எண்டு பாருங்கோ. சிஸ்டம் படுத்தா ராத்திரி கோல் எடுக்கிறவைக்கு அதுக்குரிய காசும் அடுத்தநாள் லீவும் குடுங்கோ, நன்றி ஈமெயில் வேண்டாம். புரொஜெக்ட் பிளான்ல இதுக்கெல்லாம் தனி லைன் போட்டு நாள் ஒதுக்குங்கோ, அந்த லைனை வெட்டச் சொல்லுற டிரெக்டரிட்ட, வெட்டச் சொன்னது தான்தான் எண்டு கையெழுத்தும் வாங்கி ஃபைல்ல போடுங்கோ.