அழுத்தம் 21-க்குள் இருந்தால் போதாது

காரைக்குடி அண்ணன் ஒருவர் மேலே, “முகாமில் கண் அழுத்தம் 21-க்குள்தான் இருந்தது, எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது, அதனால் கிளாக்கோமா இல்லை” என்று எழுதியிருக்கிறார். அண்ணே, தயவுசெய்து இதை நம்பி இருந்துவிடாதீர்கள். கிளாக்கோமா என்பது பார்வை நரம்பு மெல்லக் கெடும் கண் நோய்; 21 என்பது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்துக்கு வழக்கமாகச் சொல்லும் மேல் எல்லை, அவ்வளவுதான். அழுத்தம் 21-க்குக் கீழே இருந்தும் பார்வை நரம்பு கெடுகிறவர்கள் நிறையப் பேர். கருவிழி மெலிதாக இருந்தால் கருவி காட்டும் எண்ணே குறைவாக வரலாம்.

எங்கள் அப்பத்தாவுக்கு அழுத்தம் 17தான். பேப்பரில் பொடி எழுத்தைக்கூடப் படிப்பார். ஆனால் பிறந்ததிலிருந்து பழகிய வளவு (வீட்டு நடுமுற்றம்) படியில் கால் தடுக்கிக்கொண்டே இருந்தது. வயசாகிவிட்டது என்று நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, ஓரப் பார்வை பெருமளவு போயிருந்தது. போனது திரும்பாது, சொட்டு மருந்து மிச்சத்தைத்தான் காக்கிறது.

அதனால் சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால், வெளிச்சப் புள்ளி மின்னும்போது பட்டனை அழுத்தும் பார்வைப் பரப்புச் சோதனையும் செய்வார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண்ணாடி மாற்றும்போதாவது இதைக் கேளுங்கள். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால் நாற்பதுக்கு முன்பே போய்விடுங்கள். நாங்கள் அண்ணன் தம்பி மூவரும் இப்போது வருடந்தோறும் போகிறோம்.