மாட்டிக்கொண்டவன் குற்றவாளி இல்லை

லினக்ஸின் மையமான கெர்னல் எழுதும் லாகில், ஒரு டாஸ்க் (ஓடுகிற ஒரு வேலை) 120 விநாடிக்கு மேல் பிளாக் ஆகிக் கிடக்கிறது என்று வந்தால் நம் ஆட்களில் பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அதே மெசேஜின் கீழே கெர்னலே தரும் குறிப்பைப் பார்த்து, டைம்-அவுட்டில் 0 போட்டு அதன் வாயை அடைத்துவிடுகிறார்கள். மெசேஜ் நின்றுவிடும், சர்வர் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் ஒரு ஸ்டோரேஜ் டிரைவரில் நானே மாட்டினேன். லோடு ஆவரேஜ் (சராசரியாக எத்தனை டாஸ்க் ஓடவோ காத்திருக்கவோ செய்கிறது என்ற கணக்கு) 40ஐத் தாண்டிவிட்டது, சிபியுவோ சும்மா உட்கார்ந்திருக்கிறது. டி நிலையில் (சிக்னல் அனுப்பினாலும் எழாத தூக்கம்) தூங்குகிறவர்களையும் லினக்ஸ் லோடு கணக்கில் சேர்த்துவிடும், அதனால் அது பரவாயில்லை. கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் 9 அடித்தும் ஒருவரும் அசையவில்லை. லாகில் பத்து ஸ்டாக் டிரேஸ் (டாஸ்க் கோடில் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்), பத்தும் ஒரே மியூடெக்ஸுக்காக (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) காத்திருந்தன. (டிஃபால்ட் வரம்பே 10தான், அதற்கு மேல் எழுதாது, பத்து பேர்தான் சிக்கியிருக்கிறார்கள் என்று நம்பிவிடாதீர்கள்.) இரண்டு நாள் அந்தப் பத்தையே திருப்பித் திருப்பிப் படித்தோம். பூட்டைக் கையில் வைத்திருந்தவன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. புதிய கெர்னல்களில் பூட்டு யாரிடம் என்பதையும் சொல்லப் பார்க்கிறார்கள், எங்களுடையது பழசு.

அவன் தூங்கியது டி நிலையில் இல்லை, எஸ் நிலையில் (சிக்னல் வந்தால் எழும் சாதாரணத் தூக்கம்). அந்த 120 விநாடி மெசேஜைப் போடும் கே-ஹங்-டாஸ்க்-டி அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது, சிஸ்ரிக்யூவில் (கெர்னலிடமே நேராக நிலவரம் கேட்கும் கீ) டபிள்யூ அடித்தாலும் காட்டாது. கடைசியில் டீ அடித்து (குடிக்கிற டீ இல்லை) எல்லா த்ரெட்டையும் கொட்டவைத்துத் தேடினால், எங்கள் டிரைவரின் த்ரெட்தான் மியூடெக்ஸைப் பிடித்தபடி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

கோடைப் படித்தால் நியாயமாகத்தான் இருக்கும்: வேலை வந்ததா என்று பார், வரவில்லையென்றால் உன் நிலையைத் தூக்கம் என்று மாற்று, சிபியுவை அடுத்தவருக்கு விடும் ஸ்கெட்யூலைக் கூப்பிடு. ஆனால் பார்த்ததற்கும் மாற்றியதற்கும் நடுவே ஒரு இடுக்கு இருக்கிறது, அதற்குள் இன்டரப்ட் வந்து எழுப்பிவிட்டுப் போனால், விழித்திருப்பவனை எழுப்பி என்ன பிரயோசனம்? அப்புறம் இவன் தூங்குவான், எழுப்ப யாரும் வரமாட்டார்கள். முதலில் நிலையை மாற்றிவிட்டுப் பிறகு பார்த்திருக்க வேண்டும். நடுவில் எழுப்பினால் நிலை மறுபடி ரன்னிங் ஆகிவிடும், ஸ்கெட்யூல் அவனைத் தூங்கவிடாது. காத்திருப்பதற்கென்றே கெர்னல் தரும் வெயிட்-ஈவென்ட் மேக்ரோ இதைத்தான் ஒழுங்காகச் செய்கிறது, யாரோ கையால் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். பூட்டோடு தூங்கியது தனி அசிங்கம்.

நடுவில் பிரின்ட்-கே (கெர்னல் லாகில் எழுதவைக்கும் வரி) போட்டுப் பார்த்தபோது டைமிங் மாறி ஹேங்கே வரவில்லை. அப்படியே விட்டுவிடலாமே என்றார் ஒருவர், சீரியஸாகத்தான்.

பேட்ச் என்று பார்த்தால் இரண்டு வரி இடம் மாறியது, அவ்வளவுதான். அந்த 0 மட்டும் சில மெஷின்களில் இன்னும் அப்படியே இருக்கிறது. கேட்டால், "இப்ப லாக் சுத்தமா இருக்கு சார்" என்கிறார்கள்.