உங்கள் பேராசிரியர் எதை ஆராய்கிறார் என்று தெரியுமா?

எம்பிஏ சேரப் போகிறேன், எந்தக் கல்லூரி நல்லது என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்கு இரண்டே கேள்விதான். சராசரிச் சம்பளம் எவ்வளவு? நெட்வொர்க் எப்படி? அங்கே பாடம் நடத்துகிறவர்கள் எதை ஆராய்கிறார்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பிசினஸ் ஸ்கூல்களே அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆராய்ச்சி ஒரு மாடியில், வகுப்பு இன்னொரு மாடியில், முன்னாள் மாணவர் அலுவலகம் வேறு கட்டடத்தில். மூன்றுக்கும் நடுவே ஆள் நடமாட்டமே கிடையாது. என் புகார் இதுதான்.

இது பழைய சண்டை. 1959இல் அமெரிக்காவில் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி அறக்கட்டளையும் ஆளுக்கோர் அறிக்கை வெளியிட்டன. பிசினஸ் படிப்பு வெறும் தொழிற்பயிற்சியாக இருக்கிறது, ஆய்வு போதாது என்று இரண்டுமே சாடின. பிறகுதான் பொருளாதாரம், புள்ளியியல், உளவியல் ஆட்கள் பெருமளவில் உள்ளே வந்தார்கள். 2005இல் நிர்வாகவியல் பேராசிரியர்களான வாரன் பென்னிஸும் ஜேம்ஸ் ஓடூலும் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் நேர் எதிராக எழுதினார்கள்: பேராசிரியர்கள் தங்களை இயற்பியல் விஞ்ஞானிகளாக நினைத்துக்கொண்டு, நிர்வாகம் என்ற தொழிலையே மறந்துவிட்டார்கள் என்று. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சியைக் குறைத்தால் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்க மாட்டேன். அதை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

நான் படித்தபோது ஒரு பேராசிரியர் அப்படிச் செய்தார். ஒரு நிறுவனத்தின் கதையை வைத்து விவாதிக்கும் வழக்கமான கேஸ் ஸ்டடியை ஓரம் வைத்துவிட்டு, இன்னும் வெளியாகாத தன் ஆய்வுக் கட்டுரையைத் திரையில் போட்டார். கூடவே ஆய்விதழின் மதிப்பீட்டாளர் எழுதியிருந்த கடுமையான குறிப்புகளையும் போட்டார். (பேராசிரியர்களையும் யாராவது ஃபெயில் ஆக்குவார்கள் என்று அன்றுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது. வகுப்பில் பரம சந்தோஷம்.) புகார் கொடுக்கும் வாடிக்கையாளர் விலகிப் போகிறாரா, கொடுக்காதவர் விலகுகிறாரா என்பது ஆய்வு. தரவு முழுக்க ஒரு கால் சென்டரில் பதிவான புகார்கள்.

பின்வரிசையில் கால் சென்டரில் வேலை பார்த்துவிட்டு வந்த பெண் ஒருவர் கை தூக்கினார். "சார், டார்கெட் நெருக்கும்போது ஏஜென்ட்கள் புகாரைப் பதிவு செய்யாமலே 'பொதுவான விசாரணை' என்று போட்டு முடித்துவிடுவார்கள். உங்கள் பட்டியலில் புகாரே கொடுக்காதவர்கள் என்று இருப்பவர்களில் பாதிப் பேர் கத்தி ஓய்ந்தவர்களாக இருக்கலாம்." பேராசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். ஒரு எண் எங்கிருந்து வருகிறது, அதை யார், எந்த நெருக்கடியில் பதிவு செய்தார் என்று கேட்கும் பழக்கம் எனக்கு அந்த வகுப்பில் வந்தது. மற்றபடி, நள்ளிரவு வரை குரூப் வேலை, பெயரை மட்டும் ஸ்லைடில் சேர்த்துக்கொள்ளும் நண்பர், பேராசிரியர் திடீரென்று பெயர் சொல்லிக் கேள்வி கேட்கும் கோல்ட் காலில் மாட்டாமல் இருக்கத் தலை குனிந்து உட்கார்வது, எல்லாம் எல்லாருக்கும் நடந்ததுதான்.

ஆராய்ச்சி வகுப்பைத் தொட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சிகாகோ பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூலைச் சொல்லலாம். கிடைக்கும் தகவல் எல்லாம் பங்குகளின் சந்தை விலையில் ஏற்கெனவே அடங்கிவிடுகிறது என்று வாதிட்ட பொருளாதார அறிஞர் யூஜின் ஃபாமா அங்கே பாடம் எடுத்தார். டேவிட் பூத் அவருடைய மாணவர். முனைவர் பட்டத்துக்கு வந்தவர், 1971இல் எம்பிஏவோடு கிளம்பினார். 1981இல் அங்கேயே படித்த ரெக்ஸ் சிங்க்ஃபீல்டுடன் சேர்ந்து டைமென்ஷனல் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். ஃபாமாவின் சிந்தனைதான் அதன் அடித்தளம். 2008இல் பூத் 30 கோடி டாலர் நன்கொடை தந்தார், பள்ளிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. எல்லாரும் அந்தத் தொகையைத்தான் பேசுகிறார்கள். பணத்துக்கு முன்னால் ஒரு வகுப்பு இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

முன்னாள் மாணவர்களைக் கல்லூரிகள் எப்போது தேடுகின்றன? பெரும்பாலும் தரவரிசை நேரத்தில். ஃபைனான்ஷியல் டைம்ஸ் 1999இல் தொடங்கிய எம்பிஏ பட்டியலில், படித்து மூன்று ஆண்டு ஆனவர்களிடம் கேள்வித்தாள் போகும். சம்பளத்துக்கும் சம்பள உயர்வுக்கும் சேர்த்துப் பல ஆண்டுகள் 40 சதவீத மதிப்பெண் இருந்தது. ஆராய்ச்சிக்கு 10. அதுவும் குறிப்பிட்ட ஆய்விதழ்களில் எத்தனை கட்டுரை வந்தது என்ற எண்ணிக்கைதான். அந்தக் கட்டுரையை ஒரு மாணவராவது படித்தாரா என்பதற்கு எங்கேயும் மதிப்பெண் கிடையாது. அதனால்தான் அதுவரை நம் பக்கமே திரும்பாத அலுவலகத்திலிருந்து திடீரென்று, "ஃபார்ம் நிரப்பிட்டீங்களா?" என்று பாசமாக ஃபோன் வருகிறது.

நெட்வொர்க் என்பதையும் தப்பாகவே புரிந்து வைத்திருக்கிறோம். 1973இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் 16.7 சதவீதம் பேர்தான் அந்த நபரை அடிக்கடி சந்தித்தார்கள். 55.6 சதவீதம் பேர் எப்போதாவது, மீதிப் பேர் எப்போதோ ஒருமுறை. சிறிய மாதிரிதான். ஆனால் 2022இல் இரண்டு கோடி லிங்க்ட்இன் பயனர்களை வைத்துச் செய்த ஆய்வும், ரொம்ப நெருக்கமில்லாத தொடர்புகளே வேலை மாற அதிகம் உதவுகின்றன என்றது. ஆக, நாள் முழுக்கப் பிறந்தநாள் வாழ்த்து ஓடும் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பைவிட, ஒருமுறை பேசிய வேறு பேட்ச் சீனியர் பயன்படலாம். அந்தச் சீனியரைச் சந்திக்க வைப்பதுதான் கல்லூரியின் வேலை. வருடாந்திர விருந்தில் பழைய கும்பல் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அது நடக்காது.

அந்தக் கால் சென்டர் பெண் இப்போது ஒரு பெரிய சேவைப் பிரிவையே நடத்துகிறார். கல்லூரி அவரை ஒருமுறை அழைத்தது, தலைமைப் பண்பு பற்றிப் பேச. புகார்கள் இன்று எப்படிப் பதிவாகின்றன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு ஆய்வே கிடைத்திருக்கும், நாலு மாணவர்கள் தரவு சேகரிக்கக் கற்றிருப்பார்கள்.

இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்கு இனி இதைத்தான் சொல்லப் போகிறேன். கல்லூரித் தளத்தில் ஆசிரியர் பட்டியலைத் திறங்கள். நீங்கள் எடுக்கப் போகும் பாடத்தின் ஆசிரியர் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம், "இதைப் பற்றி வகுப்பில் பேசினாரா?" என்று கேளுங்கள். பதிலைப் பார்த்துவிட்டு அப்புறம் சம்பளக் கணக்குக்கு வரலாம்.